பக்கத்துப் பாத்தி

சுரபாயாவில் ரயில் பாதைக்கும் பழைய கால்வாய்க்கும் நடுவே நெருக்கிக்கொண்டு கிடக்கும் ஒரு சந்து. நாற்பத்தொரு வீடு. அந்தச் சந்தின் முனையில் இருபத்திரண்டு வருஷமாகப் பெச்செல் விற்றுக்கொண்டிருந்தாள் வார்த்தினி. வேகவைத்த வள்ளைக்கீரை, முளைப்பயறு, காராமணிக்காய், அதன் தலையில் அவள் இடித்த வேர்க்கடலைச் சாந்து. வாழையிலையில் வைத்து நீட்டினால் ரயில்வே கூலிக்காரர் முதல் பள்ளிக்கூட வாத்தியார் வரை நின்றபடியே தின்றுவிட்டுப் போவார்கள். விடிகாலைச் சுபுஹு தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது அவள் அடுப்பு புகைந்துகொண்டிருக்கும். எட்டரை மணிக்குச் சட்டி காலி.

சாந்தில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கு அது போதவில்லை. பதினேழு வயதில் இந்த ஊருக்குக் கிராம்புச் சிகரெட் சுருட்டும் ஆலையில் வேலைக்கு வந்தவள் அவள். ஆலையில் வாரா வாரம் அதிகம் சுருட்டியவர்களின் பெயரைப் பலகையில் எழுதுவார்கள். ஆறு வருஷம் அவள் பெயர் இரண்டாவதாகவே இருந்தது. முதல் பெயர் சுமியாத்தி. அந்தச் சுமியாத்தி இப்போது எங்கே இருக்கிறாள், இருக்கிறாளா இல்லையா என்றுகூட வார்த்தினிக்குத் தெரியாது. ஆனாலும் அந்தப் பெயர் காதில் விழுந்தால் இன்றைக்கும் அவளுக்குச் சுருக்கென்றிருக்கும்.

கடைக்குப் பின்னால் ஒரு வெற்று மனை. முன்னொரு காலத்தில் அரிசிக் கிடங்கு. இடித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. முதலாளி என்ன கட்டுவதென்று முடிவு செய்யாமலே போட்டுவைத்திருந்தார். சந்துக்காரர்கள் குப்பை கொட்ட அது வாகாகப் போயிற்று. செங்கல் இடிபாட்டின் மேல் பிளாஸ்டிக் பை, பழைய மெத்தை, மீன் குடல். வார்த்தினி கரண்டியைத் தூக்கிக்கொண்டு கத்துவாள்: "ஏய், இது உங்க அப்பன் வீட்டுக் குழியா?" கொட்டுகிறவர்கள் சிரித்துக்கொண்டே கொட்டிவிட்டுப் போவார்கள். கடையை ஒட்டிய மூலையில் மட்டும் நாலு முழ அகலத்துக்குத் தானே கல் பொறுக்கி, இரண்டு பப்பாளியும் கொஞ்சம் மஞ்சளும் வைத்திருந்தாள். யாரோ எறிந்துவிட்டுப் போன உடைந்த கக்கூஸ் கோப்பையில் மண் நிரப்பி ஊசிமிளகாய் நட்டாள். அது காய்த்த காய்ப்புக்கு அளவே இல்லை. கடைச் சாந்துக்கு வேண்டிய மிளகாயில் பாதி அந்த ஒரு செடியிலிருந்தே வந்தது. பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். தின்றவர்கள் இன்னொரு கரண்டி கேட்டார்கள்.

அப்படி இருக்கையில் ஒரு மழைக்காலத்தில் டெங்கு வந்தது. சந்தில் ஏழு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கொசு எங்கிருந்து வருகிறதென்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் முதலில் வாயைத் திறந்தவள் ரெத்னோ.

மலாங் ஊரிலிருந்து அந்தச் சந்துக்குக் குடிவந்து ஏழே மாதம் ஆனவள் அவள். நாற்பத்தொரு வயது. புருஷன் துறைமுகத்தில் வேலை. குரலை உயர்த்தாமல் பேசுவாள். யார் வீட்டு மருமகளுக்கு எத்தனையாவது மாதம், யார் மாமனாருக்குச் சர்க்கரை என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். சந்துத் தலைவர் மர்தியோவைக் கூட்டிக்கொண்டு போய்க் கிடங்கு முதலாளியைப் பார்த்தாள். கட்டடம் கட்டும்வரை மனையைத் தோட்டமாக வைத்துக்கொள்ளலாம் என்று எழுத்து வாங்கினாள். முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தோட்டத்துக்குப் பொறுப்பேற்றுக் குறைந்தது முப்பது வீட்டார் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வாசலிலும் நின்று, "கொஞ்சம் கை குடுப்பீங்களா?" என்று கேட்டாள் ரெத்னோ. அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷம் வார்த்தினி கத்தியும் ஒரு பையைக்கூட எடுக்காதவர்கள் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் பதினெட்டு வண்டி குப்பை போயிற்று. வார்த்தினி அடுப்படியிலிருந்து பார்த்தாள். நல்லதுதானே நடக்கிறது என்று புத்தி சொன்னது. வயிறு கேட்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு ரெத்னோ கடைக்கு வந்தாள்.

"அக்கா, நடைபாதை இந்த மூலையிலதான் ஆரம்பிக்குது. அந்தக் கோப்பைய எடுத்துக்கலாமா? செடிய பத்திரமா மாத்தி வெச்சுடறோம்."

"தாராளமா எடுத்துக்கங்க. என்னோட எடமா என்ன?" என்று இனிக்க இனிக்கச் சொன்னாள் வார்த்தினி.

செடியைப் புது மண்ணில் மாற்றி வைத்தார்கள். ஆறாம் நாள் அது வாடிச் செத்தது. வார்த்தினி அதைப் பிடுங்கி, காய்ந்த வேரை ரெத்னோவின் வாசல் பக்கமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுப்பில் போட்டாள்.

தோட்டம் கிடுகிடுவென்று வந்தது. இடிபாட்டின் மேல் ஆற்று மண் கொட்டினார்கள். டிரம்களில் சமையல் கழிவை மக்கவைத்து உரமாக்கினார்கள். அரிசி களைந்த தண்ணீர் எல்லா வீட்டிலிருந்தும் வாளி வாளியாக வந்தது. உடைந்த ஓடுகளைப் பதித்து நடைபாதை, மனை ஓரத்துக் கொன்றை மரத்தடியில் உட்காரும் இடம், டயர் ஊஞ்சல். பாத்திகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். வார்த்தினிக்கு ஏழாம் எண். எட்டாம் எண் ரெத்னோவுக்கு.

இரண்டு பேரும் கத்திரிதான் வைத்தார்கள். ஒரே நாற்று, ஒரே மண், ஒரே தண்ணீர். ரெத்னோவின் செடி முழங்கால் உயரம் வந்தபோது வார்த்தினியின் செடி கணுக்காலில் நின்றது. கடையைக் கட்டியதும் முதல் வேலையாகப் போய் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பாள். யாரும் இல்லாத நேரத்தில் சாண் வைத்து அளந்தும் பார்த்தாள்.

கடையிலும் நிம்மதி இல்லை. இலையை வாங்கிக்கொண்டதும் ஒவ்வொருவரும் ஆரம்பிப்பார்கள். "ரெத்னோ அக்கா சொன்னாங்க, காபித் தூள் போட்டா நத்தை வராதாம்." "ரெத்னோ அக்கா வீட்ல மலாங்ல ஆப்பிள் தோட்டமே இருந்துச்சாம்." "ரெத்னோ அக்கா மாதிரி ஒரு ஆளு பத்து வருஷம் முன்னாடியே வந்திருக்கணும்." இந்தக் கடைசிப் பேச்சைச் சொன்னவனுக்கு அன்றைக்குச் சாந்து குறைவாகத்தான் விழுந்தது.

எல்லாவற்றையும்விட ஒரு பெஞ்சுதான் அவளைச் சுட்டது. அவள் புருஷன் ஜுமாதி முன்பு மூன்று சக்கர சைக்கிள் வண்டி ஓட்டியவர். முட்டி தேய்ந்ததிலிருந்து வீட்டோடு இருந்தார். கடைப் பெஞ்சின் ஒரு கால் ஆடி இரண்டு வருஷம். முட்டுக்குச் செங்கல் வைத்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மனுஷர் ஒரு வியாழக்கிழமை பழைய பலகைகளை இழைத்து, உப்புத்தாள் தேய்த்து, தோட்டத்துக்குச் சாய்வு வைத்த பெஞ்சு ஒன்று செய்து முடித்திருந்தார்.

"யாருக்கு இது?"

"தோட்டத்துக்கு. ரெத்னோ கேட்டாங்க."

"நான் ரெண்டு வருஷமா கேக்கலையா?"

ஜுமாதி யோசித்தார். "நீ எங்க கேட்ட? திட்டின."

"ஓ, அவ கேட்டா உங்களுக்கு முட்டி வலிக்காது, நான் கேட்டா மட்டும் வலிக்குமாக்கும்."

"பெஞ்சு செய்யுறதுக்கும் முட்டிக்கும் என்னடி சம்பந்தம்?" என்று சிரித்தார் அவர். சிரித்திருக்க வேண்டாம். அன்றைக்கு அவருக்குச் சோறு மட்டும் வந்தது, தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சம்பல் வரவில்லை.

பிறகு ஒருநாள் பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவோடு வந்தார். எல்லோரும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வந்தார்கள். ரெத்னோ கடை வாசலுக்கே வந்து கூப்பிட்டாள். "அக்கா வாங்க, நீங்கதான் மொதல்ல இங்க செடி வெச்சவங்க. நடுவுல நில்லுங்க."

"கையெல்லாம் எண்ணெய். நீங்க நில்லுங்க."

இன்னொரு தரம் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தாள். அதற்குள் யாரோ ரெத்னோவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். பத்திரிகையில் வந்த படத்தில் முப்பது முகங்கள் இருந்தன. நடுவில் ரெத்னோ. வார்த்தினி அந்தத் தாளில் மிளகாய் மடித்து வைத்தாள், பிறகு மிளகாயை வேறு தாளுக்கு மாற்றிவிட்டு அதை மறுபடி விரித்துப் பார்த்தாள்.

மறுநாள் காலை அது நடந்தது. திட்டமிட்டுச் செய்ததில்லை. எதிர்வீட்டுக் கஸ்மிராவும் இரண்டு மூன்று பேரும் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். வார்த்தினி சாந்தைக் கரைத்தபடியே சொன்னாள்:

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு. நம்மள வெச்சு நெலத்தைச் சுத்தம் பண்ணி, முதலாளிகிட்ட நல்ல பேரும் வாங்கியாச்சு. நாளைக்கு வீட்டுக்காரர் பேர்ல எழுதி வாங்கிக்கிட்டா யாரு கேக்கப் போறா?"

"அப்படியா சேதி? யாரு சொன்னா?" என்றாள் கஸ்மிரா.

"யாரும் சொல்லல. சும்மா கேக்குறேன்."

அந்தக் கேள்வி கடையைத் தாண்டிப் போனபோது கேள்வியாக இல்லை. மூன்றாம் நாள் அதற்கு ஒரு பத்திரம் இருந்தது. ஐந்தாம் நாள் பத்திரத்தைக் கண்ணால் பார்த்த ஆளும் இருந்தார். துறைமுகத்தில் பெரிய கை ஒருவர் உதவுகிறாராம், மாடி வீடு கட்டப் படம்கூடப் போட்டாயிற்றாம். வார்த்தினியிடமே வந்து அதைச் சொன்னார்கள். அவள் "அட, அப்படியா!" என்று வியந்தாள்.

ஞாயிறு வேலைக்குப் பத்துப் பேர் வந்தார்கள். அடுத்த ஞாயிறு நாலு. அதற்கடுத்து ரெத்னோவும் அவள் புருஷனும் மட்டும் டிரம்மைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ரெத்னோ வாசல் வாசலாகப் போய்க் கேட்டாள். "வேலை இருக்கு", "உடம்பு சரியில்ல" என்றார்கள். முகத்துக்கு நேரே யாரும் காரணம் சொல்லவில்லை. கடைசியில் அவள் புருஷன் காதில் விழுந்து அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலமே கருவி வைக்கும் கொட்டகையின் சாவியை மர்தியோவிடம் கொடுத்துவிட்டாள்.

மர்தியோ நேராகப் பெச்செல் கடைக்கு வந்தார். "வார்த்தினி, நீதான் மொதல்ல நட்டவ. நீயே வெச்சுக்க."

சாவியை வாங்கிய கையோடு இடுப்பில் செருகிக்கொண்டாள். சந்தோஷம்தான். பொய் சொல்வானேன். அந்த ஒரு வாரம் அவள் நடையே வேறு மாதிரி இருந்தது. தினமும் எல்லாப் பாத்திக்கும் தண்ணீர் விட்டாள், எட்டாம் எண்ணுக்குக் கடைசியாகவும் கொஞ்சமாகவும். இரண்டாவது வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டது. நாற்பது பாத்தி. ஒருவரும் வரவில்லை. கீரை பூத்து முற்றியது. மெத்தை ஒன்று மறுபடி மூலையில் வந்து விழுந்தது. அவள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் போட்டவன் போய்விட்டான்.

மூன்றாவது வாரம் மர்தியோ வந்து, முதலாளிக்குக் கையெழுத்துக் கொடுக்கும் தேதி நெருங்குகிறது என்றார். முப்பது சேராவிட்டால் தகரம் அடித்து மூடிவிடுவாராம். வார்த்தினி தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முதல் வீடே கஸ்மிரா வீடு.

கஸ்மிரா தாளை வாங்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"எதுக்குக் கையெழுத்து?"

"தோட்டத்துக்குத்தான்."

"சாவி உங்ககிட்ட. கையெழுத்தும் உங்ககிட்ட." கஸ்மிரா உதட்டைச் சுழித்தாள். "அடேயப்பா! அப்ப எழுதி வாங்கிக்கப் போறது ரெத்னோ இல்ல, நீங்களா?"

"ஐயோ, என்ன பேச்சு இது! நான் எதுக்கு..."

"நான் சொல்லலம்மா. சும்மா கேக்குறேன்."

பதினொரு வீடு ஏறி இறங்கினாள். இரண்டு கையெழுத்துத்தான் கிடைத்தது, அதில் ஒன்று ஜுமாதியுடையது. எல்லா வாசலிலும் அவள் சமைத்த கதையையே அவளுக்குப் பரிமாறினார்கள். பெயர் மட்டும் மாறியிருந்தது. வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்தாள். ஜுமாதி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அந்தக் கதைய மொதல்ல ஆரம்பிச்சது யாருனு தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

"தெரியும். நம்ம கடையிலதானே நான் சாப்பிடுறேன்."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா எனக்குச் சம்பல் வருமா?" என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

அன்றைக்குப் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் ரெத்னோவின் வீட்டுக்குப் போனாள். ரெத்னோ புருஷனின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லி, தேநீர் வைக்க எழுந்தாள்.

"தேநீர் வேண்டாம். நான் சொல்றதக் கேட்டா நீங்களே குடுக்க மாட்டீங்க." வார்த்தினி நின்றபடியே சொன்னாள். "அந்தப் பேச்சு என் வாயிலருந்துதான் வந்துச்சு. யாரும் எனக்குச் சொல்லல. நானே சொன்னது."

ரெத்னோ இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்திவைத்தாள். அவள் குரல் முதல்முறையாக உயர்ந்தது.

"கஸ்மிரா அக்கா சொன்னதாத்தான் இவர் காதுல விழுந்துச்சு, அவங்கதான் கெளப்பினாங்கனு நான் முடிவே கட்டிட்டேன், தெரியுமா? மூணு வாரமா அவங்க சலாம் சொன்னாக்கூட நான் திரும்பல. அவங்க அம்மா ஆஸ்பத்திரியில படுத்திருந்தாங்க. போய் எட்டிக்கூடப் பாக்கல. நல்லா வேணும்னு நெனச்சேன் அக்கா. என்னை அப்படி நெனக்க வெச்சுட்டீங்க." மூச்சு வாங்கியது அவளுக்கு. "நான் என்ன செஞ்சேன் உங்களுக்கு?"

வார்த்தினி பதில் தேடினாள். கக்கூஸ் கோப்பை, பெஞ்சு, படம். வாயில் எடுத்தால் ஒவ்வொன்றும் அற்பமாக இருந்தது. "ஒண்ணும் செய்யல. எல்லாரும் உங்க பேரையே சொன்னாங்க. எனக்குத் தாங்கல."

"அதுக்கா?"

"அதுக்குத்தான்."

"என்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்?" ரெத்னோ முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டையை எடுத்தாள். "எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க."

மறுநாள் காலை கடைப் பெஞ்சு நிறைந்திருந்தது. நின்றுகொண்டும் ஏழெட்டுப் பேர். வார்த்தினி கரண்டியைச் சட்டியில் தட்டினாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. ரெத்னோ நெலத்தை எழுதி வாங்கிக்கப் போறாங்கனு கெளப்பிவிட்டது நான்தான். பத்திரமும் இல்ல, மாடி வீடும் இல்ல. என் வாய்தான்."

மெல்லும் சத்தம் நின்றது. ரயில்வே கூலிக்காரர் ஒருவர் கேட்டார்: "ஏன்க்கா அப்படிச் செஞ்சீங்க?"

"வயித்தெரிச்சல்."

"நான் அப்பவே நெனச்சேன், சாந்துல ஏன் இவ்வளவு காரம்னு," என்றார் அவர். நாலைந்து பேர் சிரித்தார்கள். கஸ்மிரா சிரிக்கவில்லை. பாதி தின்ற இலையைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"ரெத்னோ ஏன் என் முகத்துல முழிக்கலன்னு எனக்கு இப்பத்தான் புரியுது. என் தலையில போட்டுட்டு நீங்க கீரை வேகவெச்சுக்கிட்டு இருந்தீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு இரண்டு மாதம் அவள் கால்வாய்க்கு அக்கரையில் போய்ப் பெச்செல் வாங்கினாள். இன்னும் சிலரும் போனார்கள். பத்தரை மணிக்கும் சட்டியில் கீரை மிச்சமிருந்த நாள்கள் அவை.

கையெழுத்து வாங்க மூன்று நாள்தான் பாக்கி. ரெத்னோ ஒரு தாளை எடுத்துக்கொண்டு சந்தின் இடப்பக்கம் போனாள். வார்த்தினி வலப்பக்கம். சேர்ந்து போக ரெத்னோவுக்கு மனமில்லை, வார்த்தினிக்குக் கேட்க முகமில்லை. வலப்பக்க வாசல்களில் வார்த்தினி ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது. சொல்லி முடித்தபிறகே பேனாவை வாங்கினார்கள். சிலர் இரண்டு முறை சொல்ல வைத்தார்கள், வேண்டுமென்றே. மொத்தம் முப்பத்துமூன்று சேர்ந்தது. ரெத்னோவின் தாளில் இருபது, வார்த்தினியின் தாளில் பதின்மூன்று. எண்ணிப் பார்த்தபோது, அந்த நிலையிலும், ஏழு குறைவென்று அவள் மனசு கணக்குப் போட்டது.

முதலாளி எழுத்தைப் புதுப்பித்தார். மெத்தை போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் மறுபடி வந்தார்கள், முன்போல அத்தனை பேர் இல்லை. சாவி இப்போது மர்தியோ வீட்டு ஆணியில் தொங்கியது. ரெத்னோ தோட்ட வேலைக்காக வேண்டியதை மட்டும் வார்த்தினியிடம் பேசினாள்: "மண்வெட்டி அந்தப் பக்கம்", "உரம் ஆறிடுச்சு". பெச்செல் கடைப் பெஞ்சில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

அடுத்த வெயில் காலத்தில் ஒரு காலை, கடைக்குக் கீரை பறிக்கப் போன வார்த்தினி வழக்கம்போல எட்டாம் பாத்தியை எட்டிப் பார்த்தாள். ரெத்னோவின் கத்திரி இலைகளின் அடியில் வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தது. மாவுப்பூச்சி. தன் பாத்தியைக் குனிந்து ஒவ்வொரு செடியாகப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

கீரையைப் பறித்துக்கொண்டு கடைக்கு வந்தாள். வேகவைத்தாள். சாந்தைக் கரைத்தாள். முதல் நாலு பேருக்கு இலை போட்டாள். பூச்சி ஒரு பகலில் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். மனசுக்குள் ஏதோ குளுகுளுவென்றிருந்தது, அது என்னவென்றும் தெரியும். ஐந்தாவது ஆளுக்கு இலையை மடிக்கும்போது கரண்டியை ஜுமாதி கையில் கொடுத்துவிட்டு விடுவிடுவென்று நடந்தாள்.

"ரெத்னோ! ஏய் ரெத்னோ! உன் கத்திரியில மாவுப்பூச்சி!"

ரெத்னோ தலைமுடியை முடிந்துகொண்டே ஓடி வந்தாள். இலையைப் புரட்டிப் பார்த்ததும் முகம் விழுந்தது. "உங்க செடியில?"

"இன்னும் ஏறல."

குரலில் ஏறிய பெருமையை அவளால் மறைக்க முடியவில்லை. ரெத்னோவுக்கும் அது கேட்டது.

"அப்ப சோப்புத் தண்ணி உங்க வீட்லருந்து எடுத்துட்டு வாங்க. எங்க வீட்ல சோப்பு தீந்துபோச்சு."

வார்த்தினி வாளியோடு வந்தாள். இரண்டு பேரும் துணியை நனைத்து, பாத்திக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குந்தி, இலை இலையாகத் துடைத்தார்கள். பூச்சி பிடித்த பிறகும் அந்தக் காய்கள் தன் பாத்தியின் காய்களைவிடப் பருமனாகத்தான் இருந்தன என்பதை வார்த்தினி, துடைத்துக்கொண்டே, பார்த்துக்கொண்டாள்.